நீண்ட உலகப் பயணம் முடிந்த பின் செலவுக் கணக்கைத் திரும்பப் படிக்கும் முறை

மாதக்கணக்கில் குறைந்த செலவில் உலகைச் சுற்றிவிட்டு ஊர் திரும்பியவரிடம், முதல் சில வாரங்களில் வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் பயணத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். அவரும் சலிக்காமல் சொல்கிறார். நாலைந்து பேரிடம் சொன்ன பிறகு, எந்த நிகழ்ச்சியைக் கேட்டு எதிரில் இருந்தவர் முகம் மலர்ந்ததோ அது மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு நிலைத்துவிடுகிறது. மற்றவை மெல்ல உதிர்ந்துபோகின்றன. எனவே பயணத்தை நேர்மையாகத் திரும்பிப் பார்க்க விரும்புகிறவர், அந்தப் பேச்சு கெட்டிப்படுவதற்கு முன்பே உட்கார்ந்து வேலையைத் தொடங்கிவிட வேண்டும். அந்த வேலைக்கு நாட்குறிப்பைவிடவும் புகைப்படங்களைவிடவும் நம்பத்தகுந்த சான்று செலவுக் கணக்குதான் என்பது என் உறுதியான கருத்து. மனம் சோர்ந்த நாளில் நாட்குறிப்பு எழுதாமல் விட்டுவிடுகிறோம். அழகில்லாத இடத்தில் படம் எடுப்பதில்லை. ஆனால் சாப்பிடாமலும் எங்கேனும் படுக்காமலும் ஒரு நாளும் கழிவதில்லை. கையில் பணம் குறைவாக இருந்தவர் செய்த தேர்வுகளில் பெரும்பாலானவை ஏதோ ஓரிடத்தில் ஒரு தொகையாகப் பதிவாகியிருக்கும். அவற்றைத் திரட்டி, திருத்தி, படிக்கும் முறையைக் கீழே விளக்குகிறேன்.

காகிதங்கள் மங்குவதற்கு முன்

பையிலிருந்து துணிகளை எடுத்துத் துவைக்கப் போடும் நாளிலேயே காகிதங்களையும் எடுத்துவிடுங்கள். பேருந்துச் சீட்டு, ஏடிஎம் சீட்டு, கடை ரசீது ஆகியவற்றில் பெரும்பாலானவை வெப்பத்தால் அச்சாகும் தாள்களில் இருப்பதால், வெயிலிலும் சூட்டிலும் சில மாதங்களிலேயே எழுத்து மறைந்துவிடும். பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் உறையில் போடுவதும் ஒட்டுநாடா ஒட்டுவதும் அந்த மறைவை விரைவுபடுத்துகின்றன. நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொன்றையும் படம் எடுத்து, படத்தின் பெயரிலேயே நாளையும் ஊரையும் எழுதிவைப்பதுதான் பாதுகாப்பான வழி. ஜார்ஜியாவின் மார்ஷ்ருத்கா வேன்கள் போன்றவற்றில் பணத்தை நேரே ஓட்டுநர் கையில் கொடுப்பதே வழக்கம் என்பதால், அத்தகைய செலவுகளுக்குச் சீட்டு இருக்காது. அவற்றை நினைவிலிருந்து எழுதும்போது பக்கத்தில் ‘உத்தேசம்’ என்று குறித்துவிடுங்கள். உணவகச் சுவரில் எழுதியிருந்த விலைப்பட்டியல், பேருந்து நிலையத்துக் கட்டணப் பலகை போன்றவை ஏதாவது ஒரு படத்தின் ஓரத்தில் விழுந்திருக்கும். கணக்கில் உள்ள பல ஓட்டைகளை அந்தப் படங்களே அடைத்துவிடும்.

கடவுச்சீட்டையும் இதே அமர்வில் எடுத்துக்கொண்டு, எந்த நாட்டுக்குள் என்று நுழைந்தோம், என்று வெளியேறினோம் என்பதை ஒரே பக்கத்தில் அட்டவணையாக எழுதுங்கள். இது நினைவுக்கு மட்டுமன்றி அடுத்த விண்ணப்பங்களுக்கும் பயன்படும்: அமெரிக்க விசா விண்ணப்பம் கடந்த 5 ஆண்டுகளில் சென்ற நாடுகளைக் கேட்கிறது, பிரிட்டன் விண்ணப்பம் 10 ஆண்டுகள் வரை பின்னோக்கிச் செல்கிறது. முத்திரைகளை மட்டும் நம்பியிருக்க முடியாத காலம் இது. ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகள் 2025 அக்டோபர் 12 முதல் முத்திரைக்குப் பதிலாக மின்பதிவு முறைக்குப் படிப்படியாக மாறத் தொடங்கின. முத்திரை இல்லாத நாடுகளுக்கு விமானச் சீட்டையும் தங்குமிட ரசீதையும் சான்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

நாட்களை நேர்செய்தல்

உலகை முழுவதுமாகச் சுற்றியவரின் கணக்கில் ஒரு நாள் கூடியோ குறைந்தோ நிற்கும். 1522 ஜூலையில், உலகைச் சுற்றிவந்த விக்டோரியா கப்பல் உணவு தேடி கேப் வெர்டே தீவுகளில் ஒதுங்கியபோது, கரையில் இருந்தவர்களுக்கு அன்று வியாழக்கிழமை. ஒரு நாளும் விடாமல் குறிப்பு எழுதிவந்த அந்தோனியோ பிகஃபெத்தாவின் ஏட்டிலோ அது புதன்கிழமை. எழுதியதில் தவறு எதுவுமில்லை. மேற்கு நோக்கியே சென்று கதிரவனைப் பின்தொடர்ந்ததால் ஒரு நாள் கரைந்துபோயிருந்தது. இன்று அந்த ஒரு நாள் பசிபிக்கின் தேதிக்கோட்டில் மொத்தமாகக் கூடுகிறது, அல்லது மொத்தமாகக் கழிகிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து மாலையில் கிளம்பி லாஸ் ஏஞ்சல்ஸ் சென்றால், கிளம்பிய அதே தேதியில், கிளம்பிய நேரத்துக்கும் முன்னதாகவே இறங்கலாம். அந்தத் தேதியில் கணக்கு நோட்டில் இரண்டு மதிய உணவு இருப்பதைப் பார்த்து ஒன்றை அடித்துவிடாதீர்கள். தேதியை ஒரு பத்தியிலும், பயணத்தின் எத்தனையாவது நாள் என்பதை அடுத்த பத்தியிலும் எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

கைப்பேசி உள்ளூர் நேரத்துக்குத் தானாக மாறிவிடும். தனிக் கேமரா மாறாது. கேமராவின் கடிகாரம் இந்திய நேரத்திலேயே ஓடியிருந்தால், பெருவில் பிற்பகல் 3 மணிக்கு எடுத்த படம் மறுநாள் அதிகாலை 1.30 என்று பதிவாகியிருக்கும். நாடு வாரியாகப் படங்களைப் பிரித்து, மொத்தமாக நேரத்தை நகர்த்திய பிறகே அவற்றைக் கணக்கோடு ஒப்பிட வேண்டும்.

அன்றைய ரூபாய், இன்றைய ரூபாய்

எல்லாத் தொகைகளையும் ரூபாய்க்கு மாற்றும்போது, செலவழித்த நாளின் மாற்று விகிதத்தையே பயன்படுத்துங்கள். துருக்கியின் லிராவும் அர்ஜென்டினாவின் பேசோவும் அண்மை ஆண்டுகளில் விழுந்த வேகத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் காரணம் புரியும். 2023 டிசம்பரில் அர்ஜென்டினா அரசு தன் நாணயத்தின் அதிகாரபூர்வ மதிப்பை ஒரே அறிவிப்பில் டாலருக்கு 366 பேசோ அளவிலிருந்து 800 ஆகக் குறைத்தது. அதற்கு முன் செய்த செலவை அதற்குப் பிந்தைய விகிதத்தில் மாற்றுகிறவர், தான் மிகச் சிக்கனமாக வாழ்ந்ததாக நினைத்துக்கொள்வார். அது பொய்க் கணக்கு.

வங்கிக் கட்டணத்துக்குத் தனித் தலைப்புக் கொடுங்கள். பெரும்பாலான இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 2 முதல் 3.5 விழுக்காடு வரை மாற்றுக் கட்டணமும், அந்தக் கட்டணத்தின் மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் பிடிக்கப்படுகின்றன. இதற்கு மேல் அந்தந்த நாட்டு ஏடிஎம் தனியாக ஒரு தொகை எடுக்கும். தாய்லாந்தில் ஒவ்வொரு முறை பணம் எடுக்கும்போதும் 200 பாட்டுக்கு மேல் கட்டணம் போவது பயணிகள் பலருக்கும் தெரிந்ததே. ‘ரூபாயிலேயே பற்று வைக்கலாமா’ என்று இயந்திரம் கேட்டபோது ‘ஆம்’ என்று அழுத்தியிருந்தால், அங்கும் நமக்குப் பாதகமான விகிதமே கிடைத்திருக்கும். இவை எல்லாவற்றையும் கூட்டி, பேரம் பேசி மிச்சப்படுத்திய தொகைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தெருவில் பழம் விற்கும் ஒரு பெண்மணியிடம் சில ரூபாய்க்காகக் கால் மணி நேரம் வாதாடியவர், அதே வாரத்தில் அதைப் போல் பல மடங்கை ஏடிஎம்மில் யோசிக்காமல் விட்டிருப்பது அப்போது தெரியவரும். யாரிடம் கறாராக இருந்தோம், எங்கே கவனமின்றி இருந்தோம் என்பதைக் கணக்கைப் போல் வேறெதுவும் இவ்வளவு தெளிவாகக் காட்டுவதில்லை.

சராசரியை நம்ப வேண்டாம்

ஒரு நாளுக்கு இவ்வளவு செலவானது என்ற ஒற்றை எண்ணைச் சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமை உண்டு. ஆனால் லாவோஸையும் ஐஸ்லாந்தையும் கூட்டி வகுத்து வருகிற எண்ணால் எவருக்கும் பயனில்லை. நாடு வாரியாகப் பிரிப்பது முதல் படி. அதைவிடப் பயனுள்ள பிரிவு, இடம் மாறிய நாட்களையும் ஓரிடத்தில் தங்கிய நாட்களையும் தனித்தனியாகக் கூட்டுவது. இடம் மாறும் நாளில் பேருந்துக் கட்டணம் மட்டுமா போகிறது? நிலையத்துக்குப் போக ஆட்டோ, வழியில் அதிக விலைக்குச் சாப்பாடு, பொதி வைக்கக் கட்டணம், புது ஊரில் இரவில் இறங்கியதால் கிடைத்த அறையையே எடுக்க வேண்டிய நிலை என்று எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. நீண்ட பயணம் மலிவாக அமைவது பெரும்பாலும் மெதுவாகச் செல்வதால்தான் என்பதைத் தன் கணக்கிலேயே பார்த்தவர், அடுத்த முறை ஊர்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வார்.

இரவுப் பேருந்தைக் கணக்கில் எழுதும்போது ஒரு திருத்தம் தேவைப்படும். எடுத்துக்காட்டாக, வியட்நாமில் படுக்கை வசதியுள்ள ஒரு பேருந்துக்கு 1,500 ரூபாய் கொடுத்திருந்து, அந்த ஊரில் பயணிகள் தங்கும் ஹாஸ்டலில் ஒரு படுக்கை 600 ரூபாய் என்றால், 900 ரூபாயைப் போக்குவரத்திலும் 600 ரூபாயைத் தங்குமிடத்திலும் எழுதுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் தங்குமிடம் நம்ப முடியாத அளவுக்கு மலிவாகத் தோன்றும். மறுநாள் தூக்கம் போதாமல் பகல் முழுவதும் படுத்திருந்தீர்கள் என்றால், அதையும் பக்கத்தில் குறியுங்கள். அந்த 600 ரூபாய் உண்மையில் மிச்சமானதா என்பதை அந்தக் குறிப்புதான் சொல்லும். தங்குமிடத்துக்குப் பதிலாக ஹாஸ்டலிலோ பண்ணையிலோ வேலை செய்திருந்தால், எத்தனை மணி நேரம் உழைத்தீர்கள் என்பதை எழுதுங்கள். அதை ‘இலவசம்’ என்று எழுதுவது நம் உழைப்பையே மறைப்பதாகும்.

விசா என்ற தலைப்பு இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவரின் கணக்கில் எப்போதும் கனமாகவே இருக்கும். ஐரோப்பியப் பயணிகள் எழுதும் சிக்கனக் கணக்குகளில் இந்தத் தலைப்பு ஏறக்குறைய காணப்படுவதே இல்லை என்பதால், அவற்றோடு ஒப்பிட்டு நம்மை நாமே குறைத்து மதிப்பிட்டுக்கொள்ளக் கூடாது. 2024 ஜூன் மாதத்திலிருந்து ஷெங்கன் விசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. அதோடு விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம், குறைந்தது 30,000 யூரோ ஈட்டுள்ள மருத்துவக் காப்பீடு, நேரில் கைரேகை கொடுக்கச் சென்னைக்குப் போய்வந்த செலவு, மறுக்கப்பட்டால் திரும்பி வராத கட்டணம் ஆகியவை எல்லாம் இந்தத் தலைப்பில்தான் வர வேண்டும். இதை எழுதி முடித்ததும் வரைபடத்தை எடுத்து, பாதையில் எந்தத் திருப்பம் நம் விருப்பத்தால் நேர்ந்தது, எது விசாவால் நேர்ந்தது என்பதை இரண்டு நிற மையால் குறியுங்கள். செல்லத்தக்க அமெரிக்க விசா ஒன்று கையில் இருந்தால் மெக்சிகோ தனியாக விசா கேட்பதில்லை; துருக்கி மின்விசா தருகிறது. ஆகவே பலரின் பாதை அந்த ஒரு விசா கிடைத்ததா இல்லையா என்பதைப் பொறுத்தே வளைந்திருக்கும். ‘இந்த நாட்டுக்கு ஏன் போகவில்லை’ என்று பின்னாளில் மனம் கேட்கும்போது, அந்த இரு நிறக் கோடு நியாயமான விடையைத் தரும்.

ஊர்ப் பெயரை மறைத்துப் படித்தல்

இந்த முறையின் மையமான பகுதி இதுதான். இதற்கு அவசரமில்லாத சில மாலைகளை ஒதுக்குங்கள். கணக்கில் ஊரையும் தேதியையும் ஒரு தாளால் மறைத்துவிட்டு, பொருளையும் தொகையையும் மட்டும் வரிவரியாகப் படியுங்கள். ஒவ்வொரு வரிக்கும் அன்றைய காட்சி மனத்தில் தானாக எழுகிறதா என்று பார்த்து, எழுந்தால் ஒரு புள்ளி வையுங்கள். கூடவே ஓரிரு வாக்கியம் எழுதுங்கள். எழாவிட்டால் வற்புறுத்தாமல் அடுத்த வரிக்குப் போங்கள். முடிந்ததும் தாளை எடுத்துவிட்டு, புள்ளிகள் எந்தத் தொகைகளின் பக்கத்தில் குவிந்திருக்கின்றன என்று பாருங்கள்.

பெரும்பாலும் பெரிய தொகைகளில் பாதிக்குப் புள்ளி இருக்காது. விமான நிலையச் சாப்பாடு, அவசரத்தில் வாங்கிய சட்டை, அழகான மொட்டைமாடி உணவகம் எல்லாம் வெறும் எண்களாகக் கிடக்கும். வடக்கு லாவோஸில் ஹுவாய் சாயிலிருந்து லுவாங் பிரபாங்குக்கு மீகாங் ஆற்றில் இரண்டு நாள் போகும் படகு கணக்கில் ஒரே ஒரு வரிதான். நடுவில் பாக்பெங் என்ற சிற்றூரில் இரவு தங்கியதற்கு இன்னொரு வரி. மர இருக்கை, கரையோரத்துச் சோளக் கொல்லைகள், திடீரென்று மணல் திட்டில் நின்று ஒரு குடும்பத்தை மூட்டைகளோடு ஏற்றிக்கொள்ளும் படகோட்டி என்று அந்த வரிக்குப் பக்கத்தில் நோட்டு நிரம்பிவிடும். 2021 டிசம்பரில் லாவோஸ்–சீனா ரயில்பாதை திறந்த பிறகு, சீன எல்லையில் உள்ள போடெனிலிருந்து லுவாங் பிரபாங்கை இரண்டு மணி நேரத்துக்குள் அடைந்துவிடலாம். வசதியான அந்த ரயிலை நான் குறை சொல்லவில்லை. எதற்குப் புள்ளி விழுந்தது என்பது மட்டுமே இங்கு பேச்சு.

இதே வழியில், மிச்சம் பிடித்ததால் இழந்தவற்றையும் தேடுங்கள். கம்போடியாவின் அங்கோர் கோயில்களுக்கு ஒரு நாள் நுழைவுச் சீட்டு 37 டாலர். மூன்று நாள் சீட்டு 62 டாலர். அந்த மூன்று நாட்களையும் பத்து நாட்களுக்குள் விரும்பியபடி பயன்படுத்திக்கொள்ளலாம். 25 டாலரை மிச்சப்படுத்த ஒரு நாள் சீட்டு வாங்கியவர், வெயிலில் ஓடி ஓடி அங்கோர் வாட், பாயோன், தா புரோம் மூன்றையும் பார்த்துவிட்டு, பாயோனின் வெளிச் சுவரில் மீன் பிடிப்பவர்களும் சேவற்சண்டையும் சமையல் செய்பவர்களும் செதுக்கப்பட்டிருப்பதை நின்று பார்க்காமலே திரும்பியிருப்பார். விமானத்துக்கு அவ்வளவு செலவு செய்து போன இடத்தில் அந்த 25 டாலர் சிக்கனமா? என் மதிப்பீட்டில் அது சிக்கனமே அல்ல. நுழைவுக் கட்டணத் தலைப்பில் இப்படி எத்தனை வரிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்து, அவற்றைத் தனித் தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

உணவுத் தலைப்பும் இதே கவனத்தைக் கேட்கிறது, குறிப்பாக மரக்கறி உண்பவர்களுக்கு. எத்தியோப்பியாவில் ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள் புதன், வெள்ளி ஆகிய நாட்களில் நோன்பு இருப்பதால், அன்று தோசை போன்ற இஞ்செராவோடு பருப்பும் கீரையும் வைத்த மரக்கறித் தட்டு எளிதாகக் கிடைக்கும். வியட்நாமில் அமாவாசையை ஒட்டிய முதல் நாளிலும் பௌர்ணமியிலும் மரக்கறி உண்ணும் பழக்கம் பலருக்கு உண்டு. அப்படிப்பட்ட நாட்களில் செலவு குறைந்து வயிறும் நிறைந்திருப்பதும், மற்ற நாட்களில் ரொட்டியும் வாழைப்பழமுமாகக் கழிந்திருப்பதும் கணக்கில் வரிசையாகத் தெரியும்.

இன்னொன்று: களைப்பையும் கணக்கு காட்டிக்கொடுக்கும். டார்மிட்டரிப் படுக்கையிலேயே வாரக்கணக்கில் தங்கியவர் திடீரென்று மூன்று இரவு தனி அறை எடுத்திருக்கிறார்; பேருந்துக்குப் பதிலாக டாக்சி; மருந்துக்கடையில் ஒரு தொகை; இரண்டு பாட்டில் குளிர்பானம்; பிறகு வீட்டோடு பேசுவதற்காகக் கூடுதல் இணைய டேட்டா. அந்த நாட்களில் நாட்குறிப்பு காலியாக இருக்கும். நீண்ட பயணத்தின் உண்மையான கடினம் அங்கேதான் இருக்கிறது. யாரிடமும் சொல்லப்படாமல் போவதும் அதுதான். அந்தக் கொத்துகள் எத்தனை வாரங்களுக்கு ஒருமுறை வருகின்றன என்று பாருங்கள். அடுத்த திட்டத்தில் ஓய்வு நாட்களை எங்கே வைக்க வேண்டும் என்பது அதிலிருந்தே கிடைத்துவிடும். மலேரியா உள்ள பகுதிகளில் இருந்து வந்தவர், திரும்பிய சில மாதங்களுக்குள் காய்ச்சல் கண்டால், எந்தெந்த நாடுகளில் இருந்தோம் என்ற தேதி அட்டவணையை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தொகை இல்லாத வரிகள்

செலவே இல்லாத நாட்களைக் கணக்கில் தேடி எடுங்கள். அன்று யாரோ சோறு போட்டிருப்பார்கள், லாரியில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள், வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கச் சொல்லியிருப்பார்கள். தொகைப் பத்தியைக் காலியாக விட்டு, கொடுத்தவர் பெயரையும் ஊரையும் கொடுத்ததையும் தெளிவாக எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் அடையாளத்தை எழுதுங்கள். பிறகு, அவர்களுக்கு என்ன வாக்குக் கொடுத்தோம் என்று நினைத்துப் பார்த்து நிறைவேற்றத் தொடங்குங்கள். எடுத்த படத்தை அனுப்புவதாகச் சொல்லியிருந்தால் இந்த மாதமே அனுப்பிவிடுவது நல்லது. காகிதத்தில் அச்சிட்டு அஞ்சலில் அனுப்பினால் இன்னும் நல்லது; கைப்பேசியே இல்லாத பாட்டி ஒருவர் உங்களுக்குத் தேநீர் கொடுத்திருக்கலாம். குழந்தைகளின் படங்களைப் பெற்றோரின் இசைவு இல்லாமல் பொதுவெளியில் போட வேண்டாம்.

கணக்கை முடித்தல்

சொந்த ஊரில் யார் கேட்டாலும் கடைசியில் ‘மொத்தம் எவ்வளவு ஆச்சு?’ என்ற கேள்வியில்தான் வந்து நிற்பார்கள். அதற்கு மழுப்பாமல் விடை சொல்ல வேண்டும், ஏனெனில் கேட்பவர்களில் ஒருவர் உண்மையிலேயே கிளம்ப நினைப்பவராக இருக்கலாம். பயணத்தில் செலவழித்தது ஒரு தொகை. கிளம்புவதற்கு முன் பை, தடுப்பூசி, காப்பீடு, விசா ஆகியவற்றுக்குப் போனது இன்னொரு தொகை. இல்லாத நாட்களில் வீட்டு வாடகையும் கடன் தவணையும் ஓடியது மூன்றாவது. வராமல் போன சம்பளம் நான்காவது. இந்த நான்கையும் தனித்தனியாகவே சொல்லுங்கள். முதல் தொகையை மட்டும் சொல்லிவிட்டால், இருபது வயதுப் பிள்ளை ஒருவர் அதை நம்பிக் கையில் பணமில்லாமல் ஏதாவது ஓர் எல்லையில் நிற்க நேரும்.

மிஞ்சிய அந்நியச் செலாவணியையும் மறந்துவிடக் கூடாது. ரிசர்வ் வங்கி விதிப்படி, திரும்பிய பிறகு 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை நோட்டுகளாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்டதைத் திரும்பிய நாளிலிருந்து 180 நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். உலோகக் காசுகளுக்கு வரம்பு இல்லை. மாற்றிக் கிடைத்த ரூபாயைக் கணக்கில் வரவாக எழுதி, கூட்டலை முடியுங்கள். கணக்கு, புள்ளி வைத்த நோட்டின் படங்கள், தேதி அட்டவணை, புகைப்படங்கள் எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை உங்கள் வீட்டில் வைத்துக்கொண்டு மற்றொன்றை உடன்பிறந்தவர் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ கொடுத்துவையுங்கள்.